ஒரே அச்சகம், இரண்டு நோட்டீஸ்

இன்று காலை ஸ்கூட்டரை சர்வீஸுக்கு விடப் போயிருந்தேன். மெக்கானிக் மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் வேஸ்ட்டால் கையைத் துடைத்துக்கொண்டே பிரேக்கைப் பற்றி ஏதோ சொன்னான். ஒன்றும் காதில் ஏறவில்லை. அந்த வாசனை வந்ததுமே நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன். மண்ணெண்ணெய் வாசனைக்குப் பயப்படுகிற ஆள் உண்டா என்று சிரிப்பீர்கள். உண்டு, இதோ நான் இருக்கிறேன்.

எங்கள் அச்சகத்தில் வேலை முடிந்ததும் மெஷின் உருளைகளை அதில்தான் துடைப்போம். ஜோகுபாளையத்தில், தையற்கடைக்கும் கோழிக்கடைக்கும் நடுவே, ஷட்டர் பாதிக்கு மேல் ஏறாத ஒரு கடை. பெயர் ஜோடி பிரிண்டர்ஸ். ஜோடியில் ஒருவன் நான், இன்னொருவன் நஞ்சுண்டப்பா. மர்பி டவுனில் எங்கள் இருவருக்கும் ஒட்டினாற்போல வீடு, நடுவில் ஒரே சுவர். அவன் கன்னடக்காரன். ஆனால் எங்கள் தெருவில் வளர்ந்ததால் என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவான். சினிமா போஸ்டரைப் பார்த்துப் பார்த்து வாசிக்கவும் கற்றிருந்தான். நான் படித்ததோ கன்னட மீடியம். கல்யாணப் பத்திரிகையோ கருமாதிப் பத்திரிகையோ, இரண்டு மொழியிலும் எங்களுக்கு வெளியாள் தேவைப்படவில்லை.

அரசியலில் மட்டும் ஏழாம் பொருத்தம். அவன் ஒரு கன்னட சங்கத்தில் எங்கள் பகுதிக்குப் பொறுப்பாளர், தோளில் எந்நேரமும் கன்னடக் கொடி நிறத்தில் மஞ்சள் சிவப்புத் துண்டு. நான் ஒரு தமிழ் மன்றத்தில் துணைச் செயலாளர். செயலாளருக்குத் தொண்டை கட்டினால் மைக் பிடிக்கிற பதவி அது. சங்கம் மன்றத்தைத் திட்டும், மன்றம் சங்கத்தைத் திட்டும், இரண்டு நோட்டீஸும் அடிப்பதற்கு எங்களிடமே வரும்.

அதற்கு நாங்கள் ஒரு முறை வைத்திருந்தோம். அவன் சங்கத்து நோட்டீஸுக்கு நான் புரூஃப் பார்ப்பேன், எங்கள் மன்றத்து நோட்டீஸுக்கு அவன். நம்ம ஆள் எழுதியதைப் படித்தால் தலையைத்தான் ஆட்டுவோம், தப்பு கண்ணில் படாது என்பது அவன் வாதம். சிவப்புப் பேனாவை எடுத்தால் எழுத்துப் பிழையோடு நிற்கவும் மாட்டான். "இன்னா குரு, எங்களத் திட்றதுன்னா ஒழுங்கா திட்டு. இது சப்புன்னு கீது" என்று எங்கள் செயலாளர் கண்விழித்து எழுதிய பத்தியையே அடித்துவிடுவான். நானும் சும்மா விட்டதில்லை. ஆனால் அடி, உதை, வெட்டு என்று ஒரு வரி வந்தால் மட்டும் இரண்டு பேரும் சொல்லாமலே கோடு போட்டு அடித்துவிடுவோம். கேட்டால் இடம் போதவில்லை என்போம். அவர்களும் நம்பிக்கொண்டு போவார்கள்.

காவிரித் தகராறு முற்றிய ஒரு வருஷம் பந்த் அறிவித்தார்கள். சங்கத்து நோட்டீஸ் காலையில் வந்தது. நான் புரூஃப் பார்த்ததோடு விடாமல், மொட்டையாக இருந்த தலைப்பை எடுத்துவிட்டு நல்ல கன்னடத்தில் உறைக்கிற மாதிரி ஒன்று எழுதியும் கொடுத்தேன். அதிகப்பிரசங்கித்தனம், வேறென்ன. மதியம் எங்கள் மன்றத்து மறுப்பு வந்தது. அதை நஞ்சுண்டப்பா பார்த்தான்.

நோட்டீஸ் என்றால் அடியில் அச்சிட்டவர் பெயர் இருக்க வேண்டும். எங்கள் பெயர் எந்த வேலைக்கும் முன்கூட்டியே பக்கத்தின் அடியில் உட்கார்ந்திருக்கும், அதை நாங்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. மறுநாள் பால் பூத் சுவரில் இரண்டு நோட்டீஸையும் அக்கம்பக்கமாக ஒட்டியிருந்தார்கள். ஒன்று சொட்டுத் தண்ணீர் கிடையாது என்றது, மற்றது நாங்கள் கேட்பது பிச்சையல்ல என்றது. இரண்டின் அடியிலும் ஜோடி பிரிண்டர்ஸ், ஜோகுபாளையம். ஊரெல்லாம் பிழை பார்த்த இரண்டு மேதைகளுக்கும் இது தோன்றவில்லை.

பகல் பதினோரு மணிக்குச் சங்கத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். நான் உள்ளே உருளை துடைத்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் காகிதக் கட்டு, காலடியில் மண்ணெண்ணெய் டின், கையில் நனைந்த துணி. வெளியே எவனாவது பீடி பற்றவைத்தாலே போதும். தமிழ் நோட்டீஸை அடித்தவன் எவன் என்று கத்தினார்கள். நஞ்சுண்டப்பா என்னைப் பார்த்து உட்கார் என்று கையைக் காட்டிவிட்டு, ஷட்டருக்கடியில் குனிந்து வெளியே போனான்.

"நானே மாடிதே" என்றான். நான்தான் அடித்தேன்.

ஒருவன் அவன் சட்டையைப் பிடித்தான். இன்னொருவன் தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டான். இனிமேல் சங்கத்துப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவன் உள்ளே வந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தான்.

அன்று சாயங்காலம் என் வீட்டு வாசலில் எங்கள் மன்றத்துச் செயலாளர், கூட நாலு பேர். நம்மைத் திட்டி அடித்த அந்தக் கன்னட நோட்டீஸ் யார் வேலை என்று கேட்டார். கேட்ட விதம் சரியில்லை. என் மனைவி கைக்குழந்தையோடு பின்னால் வந்து நின்றாள்.

"நஞ்சுண்டப்பா அடிச்சது. எனக்கு எதுவுமே தெரியாதுங்க" என்றேன்.

செயலாளர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் நஞ்சுண்டப்பா வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் சட்டென்று நின்றது. சீ, என்ன மனுஷன்டா நீ என்று எனக்கே இருந்தது.

பந்த் அன்று வெளியே தலைகாட்டவில்லை. தெருவில் எந்தச் சத்தம் கேட்டாலும் அவன் வீட்டுக்குத்தான் போகிறார்களோ என்று ஜன்னலுக்கு ஓடினேன். நல்லவேளை, ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் கடைக்குப் போனால் அவன் எனக்கு முன்பே வந்திருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள், "உடு குரு. நானும் பயந்துகினுதான் சொன்னேன்" என்றான். அதற்கு இரண்டு அறை விட்டிருக்கலாம்.

அதன் பிறகும் மூன்று வருஷம் கடை ஓடியது. சங்கம் அவனைத் திரும்பச் சேர்க்கவே இல்லை. மன்றம் என்னைச் செயலாளராக்கியது. எங்கள் நோட்டீஸுக்கு அவன்தான் தொடர்ந்து புரூஃப் பார்த்தான். ஒருமுறை கையை வெட்டுவோம் என்று யாரோ எழுதிய வரி, ஒற்றுப் பிழை மட்டும் திருத்தி, அப்படியே என் மேசைக்குத் திரும்பி வந்தது. இதை அடிக்கலையா என்று கேட்டேன்.

"அது உங்க மன்றத்து விஷயம் சார்" என்றான்.

இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை. நஞ்சுண்டப்பா மகளோடு ஹொசக்கோட்டைப் பக்கம் போய்விட்டான். கல்யாண வீடுகளில் பார்த்தால் சௌக்கியமா சார் என்பான், சாப்பிட்டாச்சா என்பான். நான் இன்னும் மன்றத்துக்கு எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். என்ன எழுதினாலும் எல்லாரும் பிரமாதம் என்கிறார்கள். போன மாதம் நான் எழுதிய ஒன்றை, அது அச்சாகி வெளியே போய் இரண்டு நாள் கழித்துத் திரும்பப் படித்தேன். அதில் வெட்டுவோம் என்று ஒரு வரி இருந்தது. யாரும் அடிக்கவில்லை. நானும் அடிக்கவில்லை.