பலூன் கோட்டையில் படுத்த மாடு

1. மூட்டை எண்ணிய நேரம்

மாடு உள்ளே போனபோது நான் கோட்டைக்குப் பின்பக்கம், அது காற்றில் பறக்காமல் பிடித்துக் கட்டியிருந்த மணல் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே எண்ணிப் பார்த்தவைதான், சரியாகவும் இருந்தன. ஆனால் இன்னொரு தரம் எண்ணினால்தான் எனக்கு மூச்சு சீராக வரும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் போன் போட்டு, காற்றடிக்கிற ப்ளோயர் எத்தனை ஹெச்.பி. வாங்கலாம், பலூன் தைக்கிற பட்டறை எந்த ஊரில் இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். நான் முதலில் மாட்டுக் கதையைச் சொல்வேன். சிரித்துவிட்டு வைத்துவிடுவார்கள். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் ஏறிக் குதிக்கிற காற்றுக் கோட்டையை வாடகைக்கு விடுவது என் தொழில். ஜம்பிங் பலூன் என்பார்கள், பவுன்சி என்பார்கள். பிறந்தநாள், காதுகுத்து, கோயில் திருவிழா என்று அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை போவேன். கனத்த பிளாஸ்டிக் துணியில் தைத்தது. ப்ளோயரை மாட்டிவிட்டால் கொஞ்ச நேரத்தில் நாலு கோபுரத்தோடு எழுந்து நிற்கும். மேலே கூரை கிடையாது. ப்ளோயர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் சுவரும் கோபுரமும் உள்பக்கமாகச் சாய்ந்து, உள்ளே இருப்பவர் மேல் விழும். இந்த ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அதற்கு முன்னால் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகடு வெட்டுகிற பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். விரல் போய்விடுமோ என்று தினமும் பயம். பயமில்லாத வேலை என்று நினைத்துத்தான் காற்றடிக்க வந்தேன். வந்த பிறகு பயம் இரண்டு பங்காகிவிட்டது. பெருங்காற்று, மழை, கரண்ட் கட், சேஃப்டி பின், கோபுரத்தில் உட்காரும் காக்காய் என்று எல்லாவற்றுக்கும் பயந்தேன். மாட்டுக்குப் பயப்பட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அன்று கொண்டுபோனது புதுக் கோட்டை. அதற்கு அது மூன்றாவது விழா. அது கிழிந்தால் நான் மறுபடி பிரஸ் மெஷினுக்கு முன்னால் போய் நிற்க வேண்டியதுதான்.

2. வாடகைக்கு வந்த இன்னொருவர்

வானகரத்தில் ஒரு புது அடுக்குமாடி. பன்னிரண்டு குடும்பம் ஒரே முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம் வைத்திருந்தார்கள். மாட்டை லிப்டில் ஏற்ற முடியாது. அதனால் எல்லோருக்கும் பொதுவாகக் கீழே கோபூஜை, பிறகு அவரவர் வீட்டுக்கு ஏறிப் போய்ப் பால் காய்ச்சுவது என்று ஏற்பாடு. குடியிருப்போர் சங்கச் செயலாளர் கார்த்திகேயன் என்னை புக் பண்ணியிருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை.

"ஏனுங்ண்ணா, ஹோமப் புகையில குழந்தைங்க அழுவாங்க. அதுக பாட்டுக்குக் குதிச்சிட்டிருக்கட்டும். வெள்ளனே வந்துருங்க" என்றார்.

மாட்டைக் கொண்டுவந்தவர் நசரத்பேட்டை செல்வி. அவர் வீட்டார் ஒரு காலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த நிலமெல்லாம் இப்போது குடோன். செல்வி ஒரு பசுவையும் கன்றையும் வைத்துக்கொண்டு கிரகப்பிரவேசங்களுக்குப் போய்வருகிறார். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றுவது, இறக்குவது, காத்திருப்பது, மறுபடி ஏற்றுவது. யோசித்துப் பார்த்தால் அவரும் நானும் ஒரே தொழில்தான்.

நான் பின்பக்கம் போன நேரத்தில், கோட்டை வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை கன்றுக்கு வாழைப்பழத்தைக் காட்டியிருக்கிறது. கன்று கயிற்றை உருவிக்கொண்டு உள்ளே தாவிவிட்டது. தாவியது, கீழே விழுந்தது, மறுபடி தாவியது. குழந்தைகளெல்லாம் கத்திக்கொண்டு வெளியே சறுக்கி வந்தார்கள். கன்று ஒரு குரல் கொடுத்தது. தாய் சும்மா இருக்குமா? அதுவும் போய்விட்டது.

நான் முன்பக்கம் வந்தபோது கன்று வெளியே வந்து பழத்தோலைத் தின்றுகொண்டிருந்தது. பசு கோட்டைக்கு நடுவில் நின்றிருந்தது. ஒரு அடி வைத்தது. தரை அசைந்தது. கொஞ்சம் யோசித்தது. முன்னங்காலை மடித்து, பின்னங்காலை மடித்து, படுத்துவிட்டது. பிறகு அசைபோட ஆரம்பித்தது.

3. ஆன்ல வெக்கவும் முடியாது, ஆஃப் பண்ணவும் முடியாது

வாசலுக்கு ஓடினேன். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த இரண்டு கொம்புகள்தான்.

"அக்கா, மாட்ட வெளிய கூப்புடுங்கக்கா. கொம்பு பட்டா கிழிஞ்சிடும்."

செல்வி வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "இன்னாத்துக்குப் பதறிக்கினுகீற? மாடு செவனேன்னு படுத்துகினு கீது. நீதாண்ணா எங்கள படுத்துற."

"எழுப்பிப் பாருங்களேன்."

"படுத்துகினு கீற மாட்ட தட்டி எழுப்புனா எகிறும். எகிறுனா உன் பலூன் இன்னா ஆவும்? நீயே ரோசன பண்ணிப் பாரு."

பண்ணிப் பார்த்தேன். எழுப்பச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

கார்த்திகேயன் வந்தார். "ப்ளோயரை ஆஃப் பண்ணிறலாமுங்களா?"

"கோபுரம் மாட்டு மேல விழும் சார். மிரண்டுச்சுன்னா குத்திக் கிழிச்சிடும்."

"சரி, ஆன்லயே இருந்தா தானா எந்திரிச்சு வந்துருமுங்களா?"

"கால் ஊனத் தரை கெட்டியா இருக்கணுமே சார்."

"அப்ப ஆன்ல வெக்கவும் முடியாது, ஆஃப் பண்ணவும் முடியாது."

"ஆமா சார்."

"எங்க ஆபீஸ்லயும் இப்படி ஒண்ணு இருக்குதுங்ண்ணா" என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பூஜை நடத்த வந்திருந்த சாஸ்திரிகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "முகூர்த்தம் போயிண்டிருக்கு. பசு எங்கே படுத்திருக்கோ அதுதான் கோசாலை. எல்லாரும் உள்ளே வாங்கோ."

"சாமி, உள்ள ஒரே நேரத்துல எட்டுக் குழந்தைதான் கணக்கு" என்றேன்.

"தம்பதி தம்பதியா வருவா."

"கற்பூரம் மட்டும் வேணாம் சாமி. பொசுங்கிடும்."

"கற்பூரம் இல்லாம ஆரத்தியா?"

கார்த்திகேயன் தன் செல்போனில் டார்ச்சைப் போட்டுத் தட்டின் நடுவில் வைத்து நீட்டினார். சாஸ்திரிகள் ஒரு கணம் வானத்தைப் பார்த்தார். பிறகு மணியை எடுத்தார்.

நான் வாசலில் நின்று சேஃப்டி பின்களை வாங்கிக்கொண்டேன். பட்டுப்புடவை என்றால் ஒருவருக்கே ஏழெட்டு இருக்கும். ஒரு அம்மா, "பின்ன கழட்டிட்டா புடவைய யாருங்க பிடிச்சுக்கறது?" என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான். அவர் கணவரைக் காட்டினேன். அன்று பன்னிரண்டு கணவர்களும் மனைவியின் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

போனவர்களால் நிற்க முடியவில்லை. ஒருவர் கால் வைத்தால் அடுத்தவர் எழும்பினார். பசுவைச் சுற்றி வரச் சொன்னால் பாதி தூரம் தவழ்ந்தார்கள். ஒருவர் குங்குமக் கிண்ணத்தோடு விழுந்து, மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அவர் மனைவி, "மாட்டையாவது விடாம பிடிச்சுக்கோங்க, புடவைதான் போச்சு" என்றார். ஒவ்வொருவர் விழும்போதும் பசு மெதுவாக மேலே போய்க் கீழே வந்தது. அசைபோடுவதை நிறுத்தவேயில்லை. நான் அதன் கொம்பைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

4. சுவரைத் தாங்கியவர்கள்

பூஜை முடிந்தும் மாடு எழவில்லை. செல்வி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"நாலு பக்கமும் ஆளுங்க நின்னு தாங்கிப் புடிச்சிக்கினா செவுரு சாயாதில்ல? காத்த எறக்கு. தரை கால்ல தட்டுனா அதுவா எய்ந்துக்கும்."

கார்த்திகேயனுக்கு உயிர் வந்தது. முதல் மாடிக்காரர்கள் கிழக்குச் சுவர், இரண்டாவது மாடி மேற்கு, மூன்றாவது மாடி கோபுரங்கள் என்று பிரித்துவிட்டார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோரும் கைகளை உயர்த்தி நின்றார்கள்.

என் கை ஸ்விட்ச் பக்கம் போகவில்லை.

"ஆஃப் பண்ணுங்ண்ணா."

"மூட்டைய மட்டும் ஒரு தரம் பாத்துட்டு வந்துடறேன் சார்."

"வேண்டாமுங்ண்ணா."

நிறுத்தினேன். ப்ளோயர் சத்தம் அடங்கியதும் அந்த இடமே அமைதியாகிவிட்டது. சுவர்கள் கைகளின் மேல் சாய்ந்தன. தரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, பசுவும் கூடவே இறங்கியது. அசைபோடுவது நின்றது. மூன்றாவது மாடிக்காரர் ஒருவருக்குக் கை வலித்திருக்க வேண்டும். ஒரு கோபுரம் துவண்டு நேராகக் கொம்பின் மேல் வந்தது. கொம்பு துணிக்குள் அழுந்தியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணத் தொறண்ணா" என்றார் செல்வி. "கொம்புல குப்பி கீது பாரு. காலைலேர்ந்து இன்னாத்த பாத்துகினு இருந்த?"

இரண்டு கொம்பு நுனியிலும் உருண்டையாகப் பித்தளைக் குப்பி மாட்டியிருந்தது. பூஜைக்கென்று துலக்கிப் பளபளவென்று வைத்திருந்தார். அவ்வளவு நேரமும் கொம்பையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை.

பசு எழுந்தது. சோம்பல் முறித்தது. வாசல்வரை வந்து, வாலைத் தூக்கி, என் கோட்டையின் முகப்பில் நிதானமாகக் கோமியம் விட்டது.

"பேஷ்" என்றார் சாஸ்திரிகள்.

கை தட்டினார்கள். கழுவ வேண்டுமே என்று நான் வாளியைத் தேடினேன். அதற்குள், புது வீட்டில் தெளிக்க அதைப் பிடித்துக்கொள்ளப் பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் பித்தளைச் சொம்போடு வரிசையில் நின்றுவிட்டார்கள். கடைசியாக நின்றவருக்குக் கிடைக்கவில்லை. அவர் என்னைக் கோபமாகப் பார்த்து, "அடுத்த தடவை கொஞ்சம் பள்ளமா இருக்கற பலூனா கொண்டாங்க" என்றார்.

5. கடைசியாக வந்த போன்

கோட்டையை விரித்துப் போட்டு ஒவ்வொரு தையலாகப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. குங்குமக் கறை மட்டும் போகவில்லை, இன்றும் இருக்கிறது.

சில நாள் கழித்துச் செல்வி போனில் கூப்பிட்டார். பெயரைப் பார்த்ததுமே மாட்டுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணா, மாடு படுக்கவே மாட்டேங்குது."

"ஐயோ, கால்ல அடியாக்கா?"

"அடியும் இல்ல, ஒண்ணியும் இல்ல. டாக்டரு பாத்துட்டாரு. சிமென்ட் தரைய மோந்து பாக்குது, என்னப் பாக்குது, நின்னுகினே கீது. எல்லாம் உன் பலூன்ல படுத்த திமிரு. நீதான் பயக்கிவுட்ட, நீயே வந்து பாரு."

ஒட்டுப்போட முடியாமல் கிடந்த ஒரு சறுக்குப் பலூனை வெட்டி, உள்ளே வைக்கோல் அடைத்து, வாயைத் தைத்து எடுத்துப் போனேன். கொட்டகையில் விரித்தோம். பசு மோந்து பார்த்தது. முன்னங்காலை மடித்தது. படுத்தது.

"பாரேன் மகாராணிய" என்றார் செல்வி. நான் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "இன்னும் இன்னாண்ணா?" என்றார்.

"இல்லக்கா, எழுந்திருக்கும்போது வழுக்குமோன்னு..."

"போய் உன் பொயப்பப் பாருண்ணா."

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பயப்படுகிறவன் இந்தத் தொழிலுக்கு லாயக்குதான், நானே சாட்சி. ஆனால் பயந்துகொண்டு பின்பக்கம் போகாதீர்கள். வாசலிலேயே நின்று பயப்படுங்கள்.