இரண்டு பதினேழு

என் நாத்தனாருக்கு ஐம்பது வயது. வீட்டில் இன்னும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். பதிப்பகத்தில் அவள் பெயர் தப்பக்கா. தப்பு செய்கிறவள் என்று அர்த்தமில்லை, தப்பைப் பிடிக்கிறவள். கல்லூரியில் முதல் வருஷப் பிள்ளைகள் படிக்கிற புள்ளியியல் பாடப் புத்தகங்களைத் திருத்துவதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலை.

எழுத்துப் பிழை பார்க்க வேறு ஆள் இருக்கிறார். இவள் பார்ப்பது கணக்கு. ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் பயிற்சிக் கணக்குகள் இருக்கும், புத்தகத்தின் கடைசியில் விடைகள் இருக்கும். விடையைப் பார்க்காமல் கணக்கைத் தானே போடுவாள். அப்புறம்தான் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவாள். ஒத்துப்போகவில்லை என்றால் எண்களைக் கடைசியிலிருந்து தலைகீழாக எடுத்து இன்னொரு தடவை போடுவாள். அப்போதும் ஒத்துப்போகாவிட்டால்தான் ஓரத்தில் பென்சிலால் எழுதுவாள். சிவப்பு மையில் எழுதினால் புத்தகம் எழுதிய பேராசிரியர்களுக்கு மனசு புண்படுமாம். புண்படட்டுமே என்பேன் நான்.

எனக்குப் புள்ளியியல் தெரியாது. ஆனால் அவளோடு இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததில், பெரிய படிப்பு படித்தவர்கள் எப்படியெல்லாம் உளறுவார்கள் என்பது தெரியும். ஒன்றுக்கு மேல் போகவே கூடாத ஒரு அளவு இருக்கிறதாம். மூன்றாம் பாடத்தில் அதைக் கட்டம் கட்டிப் போட்டுவிட்டு, ஒன்பதாம் பாடத்தில் விடை 1.2 என்று எழுதியிருந்தார் ஒருத்தர். ஒரு ஊரில் குடும்பத்துக்குச் சராசரியாக மைனஸ் இரண்டு குழந்தை. கடையில் செருப்பு வாங்கினவர்களின் சதவீதத்தைக் கூட்டினால் நூற்றுநான்கு வந்தது. அந்த நாலு பேர் எங்கேயிருந்து வந்தார்கள் என்று இவள் இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணமாகி நாலு வருஷத்தில் எங்களோடு வந்துவிட்டாள். அவன் விட்டானா, இவள் விட்டு வந்தாளா என்று கேட்கிறவர்களுக்கு நான் இதுவரை பதில் சொன்னதில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை. ஒரு பெட்டி, ஒரு கால்குலேட்டர், இரண்டு புடவையோடு வந்தாள். பேசமாட்டாள். சண்டையும் போடமாட்டாள். அவள் பங்குக்கும் சேர்த்து நான் பேசிக்கொள்கிறேன்.

இந்த வேலையை ஒரே ஆள் செய்ய முடியாது. எண்ணை அச்சில் பார்த்துத் தாளில் எழுதி, மறுபடி அச்சைப் பார்த்தால் கண் எங்கேயாவது தாவிவிடும். அதனால் ஒருத்தர் எண்களைச் சத்தமாகப் படிக்க வேண்டும், இன்னொருத்தர் எழுதிக் கணக்குப் போட வேண்டும். பதிப்பகத்தில் அதற்கென்று ஒரு அம்மா இருந்தார். ஆறு வருஷம் முன்னால் வேலையை விட்டுப் போனார். அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. சரிபார்ப்புத் தாளில் ‘படித்தவர்’, ‘கணக்கிட்டவர்’ என்று இரண்டு கையெழுத்து வேண்டும். இரண்டையும் இவளே போட்டுவிட்டு, புரூஃபை வீட்டுக்குக் கொண்டுவருவாள். சாயங்காலம் நான் சமையலறையில் நின்றபடி படிப்பேன், இவள் கூடத்தில் உட்கார்ந்து எழுதுவாள். ஆறு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

போன மாதம் ஒரு நாள் வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன பாப்பா, மூஞ்சி ஏன் இப்படிக் கிடக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"ஒண்ணுமில்லாததுக்கா செருப்போட உட்கார்ந்திருக்கே?"

மெதுவாகத்தான் வந்தது. ஒரு பேராசிரியரின் புத்தகத்தில் இவள் அறுபத்தொரு விடைகளை மாற்றியிருந்தாள். புதுப் பதிப்பு வந்துவிட்டது. எங்கேயோ ஒரு கல்லூரி வாத்தியார் கடிதம் எழுதியிருக்கிறார். ஏழாம் பாடம், பதினாலாம் கணக்கு. பழைய பதிப்பில் விடை பதினைந்து, அது சரி. புதுப் பதிப்பில் பதின்மூன்று, அது தப்பு. அவருடைய மாணவி ஒருத்தி பரீட்சையில் சரியாகப் போட்டுவிட்டு, புத்தகத்தில் பார்த்த விடை ஞாபகம் வந்து பயந்து அடித்து மாற்றியிருக்கிறாள்.

பேராசிரியர் அந்தக் கடிதத்தோடு முதலாளி எதிரில் போய் உட்கார்ந்துவிட்டார். மறு அச்சு போகும்போது அறுபத்தொன்றையும் தூக்கிவிட்டுத் தன் பழைய விடைகளையே போட வேண்டும், இனி தன் புத்தகத்தை இவள் தொடக்கூடாது என்கிறார்.

"மத்த அறுபதும் சரிதானே? அதைச் சொல்லவேண்டியதுதானே?"

"ஒண்ணு தப்புன்னா மத்த அறுபதை யாரு நம்புவாங்க அண்ணி? நானா இருந்தாலும் நம்பமாட்டேன்." செருப்பை அப்போதுதான் கழற்றினாள். "அசதியா இருக்கு. போனாப் போகட்டும்."

அவள் முகம் கழுவப் போனபோது நான் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கணக்குக்கும் தேதி போட்டிருப்பாள். பதினாலாம் கணக்கு, பஸ்ஸுக்காகக் காத்திருந்த நிமிஷங்கள்: 9, 28, 4, 17, 6, 22, 13, 7, 26, 11, 20. பதினொரு எண். புத்தகத்தை எடுத்து விரல் வைத்து எண்ணினேன். பன்னிரண்டு. 17 பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தடவை இருந்தது.

தேதியைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. நாலாவது எண் படித்தபோது பால் பொங்கி வழிந்தது. ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் விரலை வைத்தேன். விரலடியில் பதினேழு. இதைத்தான் படித்துவிட்டோமே என்று ஆறுக்குப் போய்விட்டேன். படித்து முடித்ததும் அவள் கூடத்திலிருந்தே கேட்டாள், "பதினொண்ணு வருது அண்ணி, அங்கேயும் பதினொண்ணா? எண்ணிச் சொல்லுங்க." அடுப்பைத் தேய்த்துக்கொண்டே "சரிதான், சரிதான்" என்றேன். எண்ணவில்லை. தலைகீழாக இரண்டாம் தடவை போட்டதும் அந்தத் தாளை வைத்துத்தான்.

எண்களை வரிசையில் நிறுத்தி நடுவில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிற கணக்கு அது. ஒரு ஆள் குறைந்தால் நடு ஆள் மாறிவிடுவார். அவ்வளவுதான் விஷயம்.

முகம் துடைத்துக்கொண்டு வந்தவளிடம் நோட்டைக் காட்டினேன். "உனக்கு எப்பத் தெரியும்?"

"கடுதாசியப் படிச்சதுமே."

"அப்ப என்னை ஏன் ஒரு வார்த்தை கேட்கல?"

"கேட்டு? எண்ணவேண்டியது என் வேலை. எப்பவும் எழுந்து வந்து நானே எண்ணுவேன். அன்னைக்கு எழுந்திருக்க முடியல."

என் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "ரெண்டு பேருமாச் சேர்ந்து ஒரு பதினேழ முழுங்கிட்டீங்களா?" என்றார். நான் பார்த்த பார்வையில் தாளை மறுபடி தூக்கிக்கொண்டார்.

மறுநாள் அவளிடம் சொல்லாமல் பதிப்பகத்துக்குப் போனேன். மாடிப்படியெல்லாம் பசை வாடை. முதலாளி அறையில் அந்தப் பேராசிரியரும் இருந்தார். தலைக்கு மை போட்டிருந்தார், காதோரம் விட்டுப்போயிருந்தது. நாத்தனார் ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிவிட்டது.

"யாரு உங்கள வரச்சொன்னது அண்ணி?"

"யாரும் சொல்லல. சார், அந்த எண்ண விட்டது நான். வீட்டுல படிச்சுக் காட்டுறது நான்தான். எண்ணாம எண்ணிட்டேன்னு சொன்னதும் நான்தான்."

முதலாளி சரிபார்ப்புத் தாளை எடுத்துப் பார்த்தார். "ரெண்டு கையெழுத்தும் இவங்களோடதுதானேம்மா இருக்கு?"

"படிக்கிறதுக்கு இருந்த அம்மா போனப்புறம் நீங்க ஆள் வைக்கலையே. வாயால படிச்சு, கையால எழுதி, காதால கேட்டு எல்லாத்தையும் அவ ஒருத்தியே செய்வாளா?"

பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பாருங்க சார் கூத்த. என் புத்தகத்த அடுப்படியில வெச்சுத் திருத்தியிருக்காங்க."

"அடுப்படியில வெச்சுத் திருத்தினதாலதான் சார் உங்க புத்தகத்து ஊர்ல குடும்பத்துக்கு மைனஸ் ரெண்டு குழந்தை இல்லாமப் போச்சு."

வெளியே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் சிரித்துவிட்டுத் தும்மினாற்போல நடித்தாள். முதலாளி சிரிக்கவில்லை. அவருக்குக் கூட்டல் கழித்தல் வரைக்கும்தான் வரும். யாரை நம்புவது என்று அவருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"மூணு நாள். அறுபதையும் இங்கேயே, எங்க கண்ணு முன்னால, முதல்லேர்ந்து போடுங்க. வீட்டுல படிச்சுக் காட்டினவங்களே வந்து படிக்கட்டும். அறுபதும் சரியா இருந்தா அப்படியே இருக்கட்டும். இன்னும் ஒண்ணு தப்புன்னாலும் சாரோட பழைய விடைதான் போகும். தப்பக்கா, அப்புறம் நீங்களும் வேற எடம் பார்த்துக்க வேண்டியதுதான்."

"சரி சார்" என்றாள். எனக்கு இரண்டு படி முன்னாலேயே இறங்கினாள்.

மூன்று நாள் காலையிலேயே சமைத்து மூடிவிட்டுக் கிளம்பினேன். கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. மேலே சத்தம் மட்டும் போடுகிற ஒரு மின்விசிறி. நான் ஒரு எண் படிப்பேன், அவள் எழுதித் திருப்பிச் சொல்வாள். முடிந்ததும் இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணுவோம். முதல் நாள் பேராசிரியரும் எதிரில் உட்கார்ந்து தானும் போட்டுப் பார்த்தார். மத்தியானத்துக்குள் பதினோரு கணக்கு முடிந்தது, பதினொன்றும் இவள் பக்கம். மறுநாள் அவருக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினார்.

மூன்றாம் நாள் மூன்று மணிக்கு ஐம்பத்தெட்டாவது கணக்கு. அவள் திருத்தி எழுதியிருந்தது 4.5. இப்போது வந்தது 4.6.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "அவ்வளவுதான் அண்ணி."

"இரு. எத்தனை எழுதியிருக்கே?"

"பதினெட்டு."

நான் பக்கத்தில் விரலை வைத்து, குழந்தை எண்ணுகிற மாதிரி வாய்விட்டு எண்ணினேன். பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். பத்தொன்பது.

"நான் பத்தொன்பதும் படிச்சேன். நீ பதினெட்டுதான் எழுதியிருக்கே. நடுவுல தூங்கிட்டியா?"

அவள் தாளையே பார்த்தாள். "தூங்கிட்டேன் போல" என்றாள். அந்தக் குரலில் வெட்கம்கூட இல்லை, அவ்வளவு களைப்பு. தண்ணீர் குடிக்க வைத்து முதலிலிருந்து படித்தேன். 4.5 வந்தது. திருப்பிப் போட்டாள். 4.5.

ஐந்து மணிக்கு அறுபதும் முடிந்தது. அறுபதும் சரி. முதலாளி அங்கேயே பேராசிரியருக்கு போன் போட்டார். அந்தப் பக்கம் என்ன பேச்சோ தெரியாது, இவர் "ஆமா சார், அறுபதும்" என்று மூன்று தடவை சொன்னார். பதினாலாம் கணக்குக்கு மட்டும் ஒரு திருத்தச் சீட்டு அச்சடித்து, மிச்சப் பிரதிகளில் ஒட்டச் சொன்னார். அந்தச் சீட்டின் வாசகத்தை இவளே எழுதிக் கொடுத்தாள். எழுதிவிட்டு, அந்த வாத்தியாரின் விலாசத்தைக் கேட்டாள். அந்த மாணவியின் பரீட்சைத் தாளில் அடித்ததற்கு முன்னால் இருந்த விடைதான் சரி என்று கடிதம் எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

"படிக்கிறதுக்கு ஆள் சார்?" என்று கேட்டேன் நான்.

"பார்க்கலாம்மா" என்றார் முதலாளி. பார்க்கமாட்டார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவள் தலை என் தோளில் விழுந்தது. எங்கள் நிறுத்தம் வந்தது. எழுப்ப மனசு வரவில்லை. இரண்டு நிறுத்தம் தள்ளி, பஸ் குலுங்கி நின்றபோது தானாக விழித்துக்கொண்டாள். இறங்கித் திரும்ப நடந்தோம்.

"எழுப்பியிருக்கலாமே அண்ணி."

"எழுப்பியிருக்கலாம்."

பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "திங்கக்கிழமை அடுத்த புரூஃப் தர்றாங்க. நானூத்து இருபது கணக்கு."

"ஒண்ணு பண்ணு. இனிமே நீ சமையலறைக்குள்ள வந்து உட்காரு. எண்ணுறதுக்கு எழுந்து வரவேண்டாம்."

"அங்க புழுக்கமா இருக்குமே."

"எனக்கு மட்டும் ஜில்லுன்னா இருக்கு?" என்றேன்.