கன்னுக்கு அபிஷேகம்

தென்காசியில் நான் வேலை பார்த்த பீரோ பட்டறைக்குச் சுரண்டையிலிருந்து இன்னொரு பெயிண்டர் வந்தார். தினமும் ஸ்ப்ரே கன்னை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித் தின்னரில் கழுவுவார். "அபிஷேகமா பண்ணுதீய அண்ணாச்சி?" என்று இளக்காரமாகக் கேட்பேன். என் கன்னுக்குத் தின்னரை ஊற்றி ஒரு குலுக்கு, அவ்வளவுதான்.

ஒருநாள் கல்யாணச் சீர் பீரோவுக்கு வெள்ளை அடித்தேன். முந்தின நாள் இரும்புக் கேட்டுக்கு அடித்த கறுப்பு கன்னுக்குள் தங்கியிருந்து, பீரோ கதவெல்லாம் பொட்டுப் பொட்டாகத் தெறித்தது. மாலையில் பெண் வீட்டார் எடுக்க வருகிறார்கள். சாரல் ஈரத்தால் கெட்டுவிட்டது என்று முதலாளியிடம் புளுகினேன்.

"ஏலே, குத்தாலத்துச் சாரல் கறுப்பாவா பெய்யுது?" என்றார்.

சுரண்டைக்காரர் கதவைத் தேய்த்து, தன் கன்னால் மறுபடி அடித்து முடித்தார். பிறகு என் கன்னையும் கழுவி நீட்டினார்.

"அபிஷேகம் முடிஞ்சிட்டு. பிரசாதத்தப் பிடியும்."

அந்த இளக்காரம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. கழுவிய கன்னின் பளபளப்பில் தெரிகிற என் முகத்தின் மேல்தான் இப்போது அது.