பெனடிக்‌ஷன் என்றால் என்ன?

திருச்செங்கோட்டில் எங்கள் புது போர்வெல் லாரிக்குப் பூஜை. அழைப்பிதழில் ஆங்கிலம் மணக்கட்டுமே என்று ‘பெனடிக்‌ஷன்’ போட்டு, என் பெயரை முதலில் அச்சடித்திருந்தேன். அகராதியில் ‘ஆசி வழங்குதல்’ என்றிருந்தது. மைக்கைப் பிடித்து அரைமணி நேரம் வழங்கினேன்.

“ஏனுங்க, அது முடிவுல, அனுப்பி வைக்கறப்பச் சொல்றதுங்க,” என்று பக்கத்து வீட்டு டீச்சர் சிரித்தார்.

அதற்குள் ராகுகாலம் நெருங்க, எலுமிச்சையை நசுக்கி லாரி கிளம்பிவிட்டது. ஆறு மாதம் வடக்கே போகும் டிரைவரிடம் ஒரு வார்த்தை பேசக் காத்திருந்த அவர் மனைவி அப்படியே நின்றார். அவருடைய நேரத்தைத்தான் நான் தின்றிருந்தேன்.

ஓடிப்போய் லாரியை மறித்தேன்.

“கெளம்புன வண்டிய மறிக்கறீங்களே மாப்ள!” என்று மைத்துனர் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த அம்மா ஜன்னலை எட்டிப் பிடித்தார். “கண்ணசந்தா ஓரங்கட்டிருங்க. ஊடு வந்து சேருங்க.”

“அதானுங்க அது,” என்றார் டீச்சர்.

என் அகராதியில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் அந்த இரண்டு வரியையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.