காத்துப் படக்கூடாது

போன மாரியில்தான் எங்கள் மகள் பிறந்தாள். அப்போது திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில், மேட்டை வெட்டிக் கட்டிய ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். பின்னறையின் ஒரு சுவர் பாறையோடு ஒட்டி நிற்கும். நிலத்தில் நீளமாக ஒரு வெடிப்பு. துடக்கு, அதாவது பிள்ளைப்பேற்றுத் தீட்டு, கழியும்வரை தாயும் பிள்ளையும் அந்த அறையில்தான் என்று மனைவியின் அம்மா சொல்லிவிட்டார். பச்சை உடம்புக்குக் காற்றுப் படக்கூடாதென்று யன்னலைச் சாத்தி, இடுக்குகளில் பழஞ்சீலையும் அடைத்துவிட்டார்.

கனடாவிலிருந்து லீவில் வந்த என் கூட்டாளி, பிள்ளை பார்க்க வந்த இடத்தில் ரேடன் வாயுவை அளக்கிற ஒரு சின்னக் கருவியை விட்டுவிட்டுப் போனான். அவனுடைய வீட்டு நிலவறையில் அந்த வாயு கூடுதலாக இருந்ததாம். அன்றிலிருந்து போகிற வீடெல்லாம் அதைக் கொண்டு திரிகிறான். பாறையிலிருந்து கசிகிற கதிர்வீச்சுள்ள வாயு, பூட்டிய அறைக்குள் சேரும், வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம் என்றான். சில கிழமைகளில் ஒன்றும் ஆகாது என்றும் சொன்னான். எனக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது.

நான் சும்மாவே பொறுமையில்லாத ஆள். கருவியைக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன், சாப்பாட்டு மேசையில் வைத்தேன், தொட்டிலுக்கு அடியில் வைத்தேன். ஒரே இடத்தில் சில நாள் அசையாமல் இருந்தால்தான் அது ஒழுங்காகச் சொல்லும் என்று கூட்டாளி போனில் ஏசினான். பின்னறை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, தொடாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன். கடைசியில், அளவு கூடிவிட்டதென்று சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு நாள்கணக்கில் அது அணையவே இல்லை.

கந்தோரில் வேலை பார்க்க மனம் கொள்ளவில்லை. மத்தியானமே ஓடி வந்து யன்னலைத் திறப்பேன். மாமி சாத்துவார். மனைவி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, நித்திரை மாதிரிக் கண்ணை மூடிக்கொள்வாள். கதிர்வீச்சு, நுரையீரல் என்று நான் விளக்க விளக்க, மழைக்குள் பிள்ளைக்குச் சளி பிடித்தால் உங்கட மெசினா பார்க்கும் என்று மாமி கேட்டார். எனக்கு ஆத்திரம் வந்து கத்திவிட்டேன். பிள்ளை விழித்து அழுதது.

பிள்ளை அடங்கிய பிறகு மாமியே வந்து எதிர்க் கதிரையில் இருந்தார்.

"அப்பிடி என்னதான் தம்பி அந்த அறைக்குள்ள இருக்கு?"

"காத்து மாமி. நிலத்துக்குள்ளால வருது. கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லை. பூட்டி வைச்சாக் கூடிக்கொண்டே போகும்."

அவருடைய முகம் வெளிறிப் போனது. கண்ணுக்குத் தெரியாத காத்து என்றால் எங்கள் ஆட்களுக்கு வேறு அர்த்தம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேய் பிசாசு இல்லை, பாறையிலிருந்து வருகிற வாயுதான் என்று அவசரமாகத் திருத்தினேன்.

"பேர் என்னவா இருந்தால் என்ன? பிள்ளைக்குக் கூடாததுதானே," என்று எழும்பினார்.

காற்றோட்டமான இடம் முன் ஹோல் மட்டும்தான். ஆனால் அங்கேதான் சாமிப் படங்கள். துடக்கோடு அந்தப் பக்கம் போகக்கூடாதென்று என்னையே குசினிக் கதவால் நடக்க வைத்தவர் அவர். தோய்த்த வெள்ளை வேட்டியொன்றை எடுத்து வந்து படங்களுக்கு முன்னால் திரையாகக் கட்டினார். கும்பிட்டு ஏதோ முணுமுணுத்தார். பிறகு பிள்ளையைத் தூக்கி வந்து ஹோலில் கிடத்திவிட்டு, தானே யன்னல்களைத் திறந்தார்.

வீட்டுக்காரரிடம் கேட்டு மேசனைக் கொண்டு வெடிப்பை அடைத்தேன். பின்னறை யன்னலும் அதன் பிறகு திறந்தே கிடந்தது. சில நாட்களில் கருவி பச்சைக்கு வந்தது. அறை வாசலில் மாமி கட்டிய வேப்பிலையை நான் அவிழ்க்கவில்லை.

நான் கேட்டது ஒரு யன்னலைத் திறக்கத்தான். அவரோ என் பிள்ளைக்காக, வாழ்நாள் முழுக்கப் பயந்து நடந்த சாமிக்கு முன்னால் குற்றவாளியாக நிற்கத் துணிந்தார். அதை நினைத்தால் அவரோடு குரல் உயர்த்திக் கதைக்க எனக்கு இன்றைக்கும் வாய் வருவதில்லை.