வெள்ளத்தில் போன ஒய்.ஜி.

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுச் சுவரைக் கரிப்புகை நிறம் மாற்றியிருந்த காலம் அது. நான் நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற பையர்மேன். டிரைவர் என் அக்கா வீட்டுக்காரர். வேலையிலும் வீட்டிலும் எனக்கு அவர் மாமாதான்.

எங்களுக்குப் பெரும்பாலும் கொடுத்தது ஒய்.ஜி. என்ற கூட்ஸ் எஞ்சின். மீட்டர் கேஜ் என்ற குறுகிய பாதைக்கென்று சுதந்திரத்துக்குப் பிறகு வந்த வகை. முதலில் கப்பலில் வந்து இறங்கின, பிறகு நம் நாட்டிலேயே நிறையச் செய்தார்கள். பாசஞ்சர் இழுக்கும் ஒய்.பி.க்கும் இதற்கும் பாய்லர் ஒன்றுதான். ஒய்.பி.க்கு உயரமான சக்கரம், ஓட்டம் அதிகம். ஒய்.ஜி.க்குச் சின்னச் சக்கரங்கள், பக்கத்துக்கு நாலு, எல்லாம் ஒரே தண்டில் கோத்தவை. வேகமில்லை. ஆனால் நெய்வேலிப் பக்கமிருந்து பாரம் ஏற்றிக்கொண்டு வரும்போது அது மூச்சு வாங்கி இழுக்கிற சத்தத்தை வைத்தே, எத்தனை வண்டி பின்னால் இருக்கிறது என்று முதுநகர்ப் பெண்கள் சொல்லிவிடுவார்கள்.

டீசல் வந்துவிட்டது. எங்கள் ஒய்.ஜி.யைக் கழிக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அந்த நேரத்தில்தான், மாமா டீசல் பயிற்சிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று வேறொருவர் மூலம் தெரிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து எஞ்சினில் வேலைக்கு வேண்டிய சொல்லைத் தவிர நான் அவரிடம் பேசுவதில்லை. அக்கா வீட்டுக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். அவரும் கேட்கவில்லை.

அந்தக் கார்த்திகை மழையில் வெள்ளாறு நிரம்பி ஊர்களுக்குள் வந்தது. ரோடு அறுந்துபோனது. கிள்ளை ஸ்டேஷனில், பிச்சாவரம் பக்கத்துக் குப்பங்களிலிருந்து வந்த ஜனங்கள் சோறில்லாமல் உட்கார்ந்திருப்பதாகத் தகவல். தண்டவாளத்தின் மேலேயே தண்ணீர் நின்றதால் டீசலை அனுப்ப முடியாது. அதற்கு மோட்டார் அச்சருகே, கீழே இருக்கிறது, நனைந்தால் நின்றுவிடும். அரிசி மூட்டையும் குடிதண்ணீரும் ஏற்றி எங்கள் ஒய்.ஜி.யை அனுப்பினார்கள்.

பரங்கிப்பேட்டை தாண்டி, ஆற்றுப் பாலத்தை நடை வேகத்தில் கடந்தோம். கிள்ளையில் மூட்டைகளை இறக்கியபோது ஒரு மீனவப் பெண்மணி எஞ்சினடிக்கே வந்தார். மகளுக்கு வலி கண்டுவிட்டது, சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். அழவில்லை. மகள் பிளாட்பாரத் தூணைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவளைக் கார்டு வண்டியில் படுக்கவைத்தோம். மற்றவர்கள் காலி வேகன்களில் ஏறிக்கொண்டார்கள்.

சிதம்பரத்துக்கு முன்னால் ஒரு பள்ளம். அங்கே பாதையே தெரியவில்லை, இரண்டு பக்கமும் ஒரே தண்ணீர். பாதையைப் பராமரிக்கும் கேங்மேன் ஒருவர் மூங்கில் கழியால் ஜல்லியைத் தட்டிப் பார்த்தபடி முன்னால் நடந்தார். தண்ணீர் எஞ்சினின் சாம்பல் தட்டுக்குள் ஏறினால் நெருப்பு அடங்கிவிடும். நெருப்பு அடங்கினால் நடுத்தண்ணீரில் நிற்க வேண்டியதுதான். நான் முன்கூட்டியே நெருப்பைக் கனமாகப் போட்டு வைத்திருந்தேன்.

கீழே சாம்பல் சுர்ரென்று சீறியது. மாமா நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரிலிருந்து கையை எடுக்காமல், என் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

“நெருப்பு எப்டி இருக்கு மச்சான்?”

எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த ‘மச்சான்’. நான் நெருப்புக் கதவைத் திறந்து பார்த்தேன்.

“தாங்கும் மாமா. நிறுத்தாம போங்க.”

அவர் நிறுத்தவில்லை. நான் கரியை அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். பள்ளம் ஏறி, தண்டவாளம் மறுபடி கண்ணில் பட்டதும் அவர் விசிலை நீளமாக இழுத்தார்.

சிதம்பரத்தில் அந்தப் பெண்ணை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். பிளாட்பாரத்தில் அண்ணாமலை நகர் மாணவர்கள் சோற்றுப் பொட்டலங்களோடு நின்றிருந்தார்கள். எங்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். கைகழுவக் குழாயடிக்குப் போனபோது மாமாவுக்கு இருமல் வந்தது. விடவேயில்லை. குழாயைப் பிடித்துக் குனிந்து நின்றார்.

“உன்ன உட்டுட்டுப் போவணும்னு எழுதிக் குடுக்கலடா,” என்றார். “இந்தப் பொக ஒத்துக்கல. உங்கக்கா ராவெல்லாம் தூங்காம என் நெஞ்சத் தடவிக்கினு உக்காந்திருக்கா. ஒங்கிட்ட சொன்னா நீ அழுவ.”

நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அன்றைக்கு ஊர் திரும்பியதும் நேரே அக்கா வீட்டுக்குத்தான் போனேன். குழந்தையும் தாயும் நலம் என்று பிறகு ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார்.

மாமா டீசலுக்குப் போனார். இருமல் குறைந்தது. கொஞ்ச காலம் வேறொரு டிரைவரோடு ஒய்.ஜி.யில் ஓடிவிட்டு நானும் எழுதிக் கொடுத்தேன். டீசலில் சட்டை அழுக்காகவில்லை, உட்கார இடமிருந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எஞ்சினுக்குச் சோறு போடுகிறோம் என்ற நினைப்பு அங்கே ஒருநாளும் வந்ததில்லை.

கடைசியில் எங்கள் ஒய்.ஜி.யை உடைப்பதற்காக, சக்கரங்களைக் கோத்திருந்த தண்டைக் கழற்றிவிட்டு, வேறொரு எஞ்சின் இழுத்துக்கொண்டு போயிற்று. புகையில்லாமல், சத்தமில்லாமல் அது என்னைக் கடந்து போனதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பிறகு அகலப்பாதை வந்தது, கரன்ட் வண்டியும் வந்துவிட்டது. மாமாவும் அக்காவும் இப்போது சிதம்பரத்தில் மகன் வீட்டில். மாதம் ஒருமுறை பார்க்கப் போகிறேன். ஜன்னலோர சீட்டு கிடைத்தால் போதும். வண்டி கிள்ளையைத் தாண்டும்போது பக்கத்தில் இருப்பவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் வலது உள்ளங்கை மட்டும், கரி அள்ளும் கரண்டியைப் பிடிக்கிற மாதிரி, தானாக மடங்கும்.

போன தடவை மாமாவிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். அவர் கையும் தூக்கத்தில் விசில் கயிற்றைத் தேடுகிறது என்று அக்கா புகார் சொல்கிறாளாம்.