கோபுர வர்ணம் அடித்த ஜீப்

இராணுவ வண்டிகளுக்குரிய பச்சை நிறம் பொதுமக்களின் வண்டியில் இருக்கக் கூடாது. நிறத்தை மாற்றினால் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதித் தெரிவித்து, பரிசோதனை முடிந்த பிறகே வண்டியைச் சாலையில் இறக்க வேண்டும். இதுதான் விதி. பிற்காலத்தில் கவுண்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து, இதே விதியைச் சொல்லி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்களில் ஒருவருக்காவது எங்கள் வீட்டுக் கதை தெரிந்திருந்தால் என்னால் அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க முடியாது.

அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் எங்களுடன் சித்தப்பாவும் இருந்தார். நிரந்தர வேலையும் இல்லை, அதனால் கல்யாணமும் இல்லை. பெண் கேட்டுப் போன இரண்டு இடங்களில் காப்பி மட்டும் கிடைத்தது. மூன்றாவதாகக் காப்பார் என்ற ஊரில் ஒரு தேங்காய் வியாபாரியின் மகளைப் பேசினார்கள். அந்த வியாபாரி நேரடியானவர். தோட்டத்துக்குள் போய்க் காய் ஏற்றிவர மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் மேற்கொண்டு பேசலாம் என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்.

அப்படித்தான் அந்த ஜீப் வந்தது. இராணுவம் ஏலத்தில் விட்டு, வாங்கியவரும் கைவிட்டு, சுங்கை வேயில் ஒரு பழைய இரும்புக் கடையின் பின்புறம் லாலான் புல்லுக்குள் கிடந்த வண்டி. லோரியில் கட்டி இழுத்து வந்தார்கள். உட்காரும் இடத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாகச் சித்தப்பா சொன்னார். அதை அவர் ஒரு நல்ல சகுனமாகவே சொன்னார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் மாதக்கணக்கில் வேலை நடந்தது. துருப்பிடித்த நட்டுகள் மண்ணெண்ணெயில் ஊறின. தரை இருந்திருக்க வேண்டிய இடத்தில் பிஸ்கட் டின்களைத் தட்டி விரித்து ரிவெட் அடித்தார்கள். இருக்கைகள் ஒரு செத்த பேருந்திலிருந்து வந்தன. பிரேக்கிலும் இன்ஜினிலும் மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். அவர் சொன்னது சரிதான். அதனால் வர்ணம் வாங்குகிற கட்டத்தில் கையில் ஒன்றுமில்லை. வண்டியிலேயே உருப்படியாக இருந்தது அந்த இராணுவப் பச்சை ஒன்றுதான், விதிப்படி அகற்ற வேண்டியதும் அது ஒன்றுதான்.

அந்த ஆண்டு எங்கள் பக்கத்துக் கோயிலில் கும்பாபிஷேகம் முடிந்திருந்தது. கோபுரத்துப் பொம்மைகளுக்கு அடித்து மிஞ்சிய வர்ணத்தைக் கமிட்டியில் கேட்டு அப்பா வாங்கி வந்தார். சாமிக்கென்று வாங்கியதை வண்டிக்கு அடிக்கலாமா என்று அம்மா கேட்டாள். கோபுரத்தில் ஏறாத வர்ணம் இன்னும் சாமிக்குச் சொந்தமாகவில்லை என்று அப்பா தீர்ப்பளித்தார். நீலம் கொஞ்சம், மஞ்சள் கொஞ்சம். மிகுதியாக இருந்தது தேவர்களின் மேனிக்கு அடிக்கும் ரோஸ். ஜீப் ரோஸ் ஆயிற்று.

என் வகுப்புத் தோழி கொட்டகைக்கு வந்து பார்த்துவிட்டு, "உங்க வண்டி கோபுரத்துலேருந்து எறங்கி வந்துச்சா?" என்று கேட்டாள். மறுநாள் வகுப்பு முழுவதும் கேட்டது. அதன்பின் அந்தக் கொட்டகைப் பக்கம் நான் போகவேயில்லை.

அப்பா போக்குவரத்து அலுவலகத்துக்கு முறைப்படி எழுதிப் போட்டார். பதில் வருமுன் பெண் பார்க்க நாள் குறித்துவிட்டார்கள். பஞ்சாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது, விதிகளை மனப்பாடமாக அறிந்த என் அப்பா பஞ்சாங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்.

கிள்ளானைத் தாண்டியதும் மழை பிடித்தது. அது சுவருக்கும் சுதைக்கும் அடிக்கிற தண்ணீர் வர்ணம், இரும்பில் ஒட்டாது என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. முதலில் கண்ணாடியில் ரோஸ் கோடுகள் இறங்கின. பிறகு கன்வாஸ் ஓரமாக உள்ளே சொட்டியது. அம்மாவின் சந்தன நிறப் பட்டில், வெற்றிலைத் தட்டில், வாழைப்பழத்தில், என் வெள்ளைக் காலுறையில். சித்தப்பா இன்னும் வேகமாக ஓட்டினார், வர்ணம் தீருவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதுபோல.

காப்பாரில் அந்த வீட்டு வாசலில் நின்றபோது வண்டி பாதி பச்சை, பாதி ரோஸ். கம்பத்துப் பிள்ளைகள், அந்தக் கிராமமே திரண்டதுபோல், மழையோடு ஓடி வந்து வண்டியில் விரலால் படம் போட்டார்கள். முற்றத்தில் ரோஸ் குட்டை தேங்கியது. கோழிகள் அதில் நடந்து, மருதாணி வைத்த கால்களோடு வீட்டுக்குள் போயின.

தேங்காய் வியாபாரி குடையோடு வந்து வண்டியை ஒருமுறை சுற்றினார்.

"நீங்க சொன்ன வண்டி இதானா, தம்பி?"

"மழைக்கு முன்னால வேற மாதிரி இருந்துச்சு, அங்கிள்," என்றார் சித்தப்பா.

பெரியவர்கள் இறங்கிப் போனார்கள். நான் இறங்கவில்லை. பேருந்து இருக்கைக்கும் பிஸ்கட் டின்னுக்கும் இடையே சுருண்டு, தட்டு மூடிய துணியால் முகத்தை மூடிக்கொண்டேன். இந்தக் குடும்பத்தில் பிறக்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தது நினைவிருக்கிறது.

கூப்பிட்ட பிறகுதான் பெண் சபைக்கு வர வேண்டும் என்பது வழக்கம். அந்தப் பெண் கோழிகளை விரட்டிக்கொண்டு தானாகவே வாசலுக்கு வந்துவிட்டாள். துணியின் ஓரமாகப் பார்த்தேன். மட்கார்டை ஒரு விரலால் தொட்டாள். விரலைப் பார்த்தாள். சத்தமாகச் சிரித்தாள். பதறிப்போய் அவள் பின்னாலேயே வெளியே வந்த சித்தப்பாவிடம் கேட்டாள்:

"நீங்களே அடிச்சீங்களா?"

"ஆமா."

"தெரியுது லா."

சித்தப்பாவும் சிரித்தார். துணிக்குள்ளிருந்து எனக்கு இரண்டு சிரிப்பும் கேட்டது. அவள் எங்களைப் பார்த்துச் சிரித்ததைவிட, அவளோடு சேர்ந்து சித்தப்பாவும் சிரித்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மானம் கெட்டவர் என்று முடிவு கட்டினேன்.

காப்பி வந்தது. பதில் சொல்லி அனுப்புகிறோம் என்றார் வியாபாரி. அதன் பொருள் எனக்கே தெரியும். திரும்பும் வழியில் மழை மிச்சத்தையும் கழுவிவிட்டது. கிள்ளான் சாலைச் சந்திப்பில் நின்ற போலீஸ்காரர் பச்சை ஜீப்பைக் கண்டு விறைத்து சல்யூட் அடித்தார். அப்பா தன்னையறியாமல் பதிலுக்குக் கையை உயர்த்தினார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த விதியை ஏன் போட்டார்கள் என்பது அன்றே எங்களுக்கு விளங்கிவிட்டது.

நாட்கள் போயின. ஒரு மாலை, அம்மா வாசலில் அகல் வரிசை வைத்துக்கொண்டிருந்தபோது தரகர் சைக்கிளில் வந்தார். கீழே இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டே சொன்னார்:

"பொண்ணு ஒன்னு சொல்லச் சொன்னுச்சு. இனிமே அந்த வண்டிக்குப் பெயிண்ட் வாங்கறதுன்னா, தன்னைக் கேட்டுட்டுத்தான் வாங்கணுமாம்."

நான் பின்கட்டுக்கு ஓடிப்போய் அழுதேன். காப்பார் வரை போன எங்கள் அவமானம் சைக்கிள் ஏறி வீடு தேடி வந்துவிட்டதே என்று. முன்வாசலில் அப்பா ஏன் தரகரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார், சித்தப்பா ஏன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார், அம்மா ஏன் சர்க்கரைக் கிண்ணத்தோடு பக்கத்து வீடுகளுக்குப் போனாள் என்பதெல்லாம் எனக்கு அப்போது புரியவில்லை. அன்று கார்த்திகை தீபம்.